பட்டுவுக்கும் ஒரு தட்டு

முட்டை நாளில்தான் எனக்குக் கணக்கு உதைக்கும். எங்கள் அங்கன்வாடி மையத்தில் 17 பிள்ளைகள். வந்தவர்கள் 14 பேர் என்றால் வருகை பதியும் போஷன் டிராக்கர் செயலியில் 14, அவித்த முட்டை 14, கழுவி அடுக்கிய தட்டும் 14. ஒரு வருடம் ஆடி மாதத்திலிருந்து தட்டு மட்டும் ஒன்று கூடிக்கொண்டே இருந்தது. எடுத்துவைத்தது நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி. பெயர் வேண்டாம், இப்போது அவள் பெரிய பள்ளிக்கூடத்துக்காரி.

“இது யாருக்கு ஆத்தா?”

“பட்டுவுக்கு.”

பட்டு என்று எங்கள் பதிவேட்டில் யாரும் கிடையாது. எங்கிருந்து வந்தாள் என்பது மட்டும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கொண்டுவந்து விட்டதே நான்தான். எங்கள் செட்டிநாட்டுச் சீமையில் ராயவரத்தில் 1922இல் பிறந்து, வங்கி வேலை பார்த்துக்கொண்டே ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாட்டு எழுதியவர் அழ. வள்ளியப்பா. அவருடைய ‘வட்டமான தட்டு’ பாட்டில் அண்ணன் கிட்டுவும் தங்கை பட்டுவும் எட்டு லட்டைப் பங்கு போட்டுத் தின்று தீர்ப்பார்கள். கையாட்டிச் சொல்லிக்கொடுப்போம். பாட்டு முடிந்ததும் இல்லாத லட்டின் நெய்யைச் சட்டையில் துடைத்துக்கொள்ளும் பிள்ளைகளை நான் 2007இல் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து பார்த்துவருகிறேன். கிட்டு பாட்டோடு நின்றுகொண்டான். பட்டு இறங்கி வந்து இந்தப் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

சோறு போடப் போனால் “பட்டுவுக்குப் போடாதீங்க” என்பாள். அந்தத் தட்டில் இரண்டு புளியங்கொட்டையும் ஒரு வேப்பிலையும் இருக்கும். முட்டை நாளில் வம்புக்குக் கேட்டேன்.

“பட்டுவுக்கு முட்டை?”

“அவளுக்கு முட்டை ஆகாது டீச்சர்.”

கணக்கு தப்பியது என்று அப்போது நிம்மதிப்பட்டேனே தவிர, அந்தப் பதிலில் இருந்த கெட்டிக்காரத்தனம் எனக்கு உறைக்கவில்லை. மாதாந்திர எடை பார்க்கும் நாளில் தன் முறை முடிந்ததும் எந்திரத்தை விட்டு இறங்கி, “இப்ப பட்டு” என்று ஒதுங்கி நின்றாள். சுழி காட்டியது. “இன்னும் ஒண்ணும் சாப்பிடலைல்ல, அதான்” என்று எனக்கு விளக்கமும் சொன்னாள்.

அவள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் அப்பாவும் திருப்பூரில் பனியன் வேலை. பிள்ளை அப்பத்தாவோடு. அப்பத்தாவுக்கு எங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கும் ஒரு செட்டியார் வீட்டைப் பெருக்கித் துடைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலை. கானாடுகாத்தான் பக்கம் வந்தவர்களுக்கு அந்த மாதிரி வீடு தெரியும். இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். நடுவில் வளவு என்கிற தூண்வைத்த முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி. பர்மாத் தேக்குத் தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வீட்டுக்காரர்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். கல்யாணம், முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு என்றால் நாலு நாள் வந்து திறப்பார்கள். மற்ற நாளெல்லாம் அந்த வீட்டுக்குள் இருக்கிற இரண்டு ஜீவன், குனிந்து பெருக்கும் கிழவியும் பின்னாலேயே நடக்கும் இந்தப் பிள்ளையும்தான். வளவில் நின்று ‘ஓ’ என்று கத்தினால் குரல் தூண்தூணாகப் போய்த் திரும்பி வரும். நானே கத்திப் பார்த்திருக்கிறேன். நாலு வயதில் அங்கே நாள் முழுக்கத் தனியாகக் கிடந்தால், பதில் சொல்ல ஒருத்தி வந்துதானே ஆக வேண்டும்?

இதெல்லாம் இப்போது எழுத வருகிறது. அன்றைக்கு நான் செய்தது வேறு. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பத்தாவிடம், வாசலில் வைத்து, ஏதோ அக்கறையாகச் சொல்வதாக நினைத்து, “இவ பட்டு பட்டுன்னு யாரோடயோ பேசிக்கிட்டே இருக்கா. வீட்டுலயும் பேசுறாளா அப்பத்தா?” என்றேன். கிழவி முகம் செத்துப்போனது. பூட்டிய வீடு என்றால் ஊரில் கதைக்குப் பஞ்சமா? ‘யாரோடயோ’ என்று நான் சொன்ன ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

இரண்டு நாள் பிள்ளை வரவில்லை. மூன்றாம் நாள் நெற்றி நிறைய விபூதியும் மணிக்கட்டில் கறுப்புக் கயிறுமாக வந்தாள். மந்திரித்துக் கட்டியிருக்கிறார்கள். இரண்டாங்கட்டுக்குப் போகக் கூடாது என்று உத்தரவாம். தட்டு ஒன்றுதான் எடுத்தாள். ஒரு வாரம் பொறுத்துவிட்டு, தாங்க முடியாமல் நானே கேட்டேன்.

“பட்டு எங்க ஆத்தா?”

“சிங்கப்பூர் போயிட்டா.”

“எப்ப வருவா?”

“படைப்புக்கு வருவா.”

அழவில்லை. அந்த வீட்டைப் பற்றி யாராவது கேட்டால் அவள் அப்பத்தா எந்தக் குரலில் சொல்வாரோ, அதே குரல்.

காரைக்குடியில் பி.எட். படிக்கும் என் மகள் உளவியல் பாடத்துக்கு ஏதோ தேடும்போது ஒரு ஆய்வைக் காட்டினாள். அமெரிக்காவில் ஓரிகான் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்ற பேராசிரியை பிள்ளைகள் கற்பனையில் உண்டாக்கிக்கொள்ளும் இந்தத் தோழர்களைப் பற்றி நெடுநாள் ஆராய்ந்தவராம். 2004இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் 65 விழுக்காடு பிள்ளைகளுக்கு இப்படி ஒரு துணை இருந்திருக்கிறது, உயிருள்ளதுபோல் நடத்திய பொம்மைகளையும் சேர்த்து. எண்ணிக்கையைவிட இன்னொன்று என்னைப் பிடித்து நிறுத்தியது. தோழனைப் பற்றித் துருவித் துருவிக் கேட்கும் ஆய்வாளரிடம் பிள்ளைகளே இடையில் நிறுத்தி, இது சும்மா விளையாட்டுக்குத்தான் என்று நினைவூட்டுவார்களாம். பெரியவர் நம்பிவிட்டாரோ என்று அவர்களுக்குக் கவலை. முட்டை ஆகாது என்று என் கணக்கைக் காப்பாற்றியவள் எனக்கு அப்போதுதான் விளங்கினாள். புளியங்கொட்டை பட்டுவுக்கு, முட்டை மனுசருக்கு. எது எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பமே இருந்ததில்லை.

அழகப்பா பல்கலைக்கழகத்தில் தபால்வழியில் எம்.ஏ. தமிழ் படித்தவள் நான். நற்றிணை 172ஆம் பாட்டு பரீட்சைக்கு வந்தது, எழுதி மார்க்கும் வாங்கினேன். விளையாடும் பெண்கள் வெண்மணலில் புன்னைக் காயைப் புதைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைக்கிறது. நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். உங்களைவிட இது உசத்தி, இது உங்கள் உடன்பிறந்தவள் என்கிறாள் தாய். அதனால் அந்த மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாயிருக்கிறது என்கிறார்கள் பெரியவர்களான பிறகு. பரீட்சையில் தலைவியின் நாணத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அந்தத் தாயைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அவள் மந்திரவாதியைத் தேடிப் போகவில்லையே! பிள்ளைகள் ஒன்று என்றால் இவள் ஒன்றரை என்றல்லவா சேர்ந்துகொண்டாள்.

எங்கள் மையத்தில் காலை பத்து மணி வெயிலில் 17 பிள்ளைகளும் நிலாவை ஓடிவரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று இதற்குத் தனி இடமே உண்டு; நிலாவிடம் கெஞ்சியும் மிரட்டியும் பிள்ளையோடு விளையாட வரச் சொல்ல வேண்டும். யாரும் கயிறு கட்டுவதில்லை. என் மாமியார் அமாவாசைப் படையலுக்கு இலை போட்டுக் கதவைச் சாத்திவிட்டு எங்களை வெளியே நிறுத்துவார். திரும்பத் திறக்கும் முன் ஒருமுறை செருமுவார், உள்ளே சாப்பிடுகிறவர்கள் சுதாரித்துக்கொள்ளட்டும் என்று. ஒருநாள் அந்தச் செருமலைக் கேட்டபோது எனக்குப் புளியங்கொட்டைத் தட்டு ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் கிணற்றடியில் போய் நின்றுகொண்டேன்.

தை கழிந்து அந்த வீட்டில் படைப்பு நடந்தது. வெளியூர் வண்டிகள் தெரு முழுக்க நின்றன. மறுவாரம் தட்டு எடுக்கும்போது நான் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுதான்.

ஜூனில் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். எங்கள் மதில்தான் பள்ளிக்கூடத்துக்கும் மதில். இடைவேளையில் குழாயடிக்கு வந்தவளைக் கூப்பிட்டு, சுற்றிலும் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு கேட்டேன்.

“ஆத்தா, படைப்புக்குப் பட்டு வந்தாளா?”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நனைந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நான் சங்கடப்பட்டுவிடக் கூடாதே என்பதுபோல் மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சர், அது சும்மா.”