ஆருட பக்கத்தால?

"இது ஆருட பக்கத்தால வந்தது, டொக்டர்?"

கேட்டது மாமியார். மருமகள் பக்கத்துக் கதிரையில் பேசாமல் இருந்தாள். "ரெண்டு பக்கத்தாலயும்தான் அம்மா" என்றேன்.

பொய் சொல்லவில்லை. மேப்பிள் பாகுச் சிறுநீர் நோய் ஒரு பிள்ளைக்கு வர, தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாகப் பழுதான பரம்பரையலகு இரண்டு சேரவேண்டும். ஆனால் அந்த வீட்டில் இரண்டு பக்கம் எங்கே இருக்கிறது? மருமகள் அந்த அம்மாவின் சொந்தத் தம்பி மகள். தம்பி இப்போது உயிரோடில்லை. பிள்ளையின் இரண்டு பிரதியிலும் இருந்தது ஒரே மாற்றம். ஒரு பாட்டனோ பாட்டியோ கொடுத்தது, அக்கா வழியாக மகனுக்கும் தம்பி வழியாக மருமகளுக்கும் இறங்கி, பேரப்பிள்ளையில் சந்தித்திருக்கிறது. "உங்கட வழியாலயும் வந்திருக்கு அம்மா" என்பதுதான் நேரான பதில். அதைத்தான் நான் சொல்லவில்லை.

மேசையில் குடும்பப் படம் கிடந்தது. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு. தங்களுக்கு நோய் வராமல் பழுதான பரம்பரையலகு ஒன்றை மட்டும் காவுகிறவர்களின் உருவைப் பாதி நிரப்புவோம். மகனுக்கும் மருமகளுக்கும் நிரப்பியிருந்தேன். மாமியாரின் வட்டம் வெறுமையாக இருந்தது. அவருடைய இரத்தத்தைச் சோதிக்கவில்லை, சோதிக்காமல் நிரப்பக்கூடாது என்பது ஆய்வுக்கூட ஒழுங்கு. மூதூர்ப் பக்கத்து அந்த ஊரில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ முறை. மகனுக்குத் தகப்பன் வழியாகவும் மருமகளுக்குத் தாய் வழியாகவும் வந்திருக்கலாம் என்று வாதாட இடமுண்டு. அன்று பின்னேரம் முழுக்க என்னோடு நானே அப்படித்தான் வாதாடினேன்.

இத்தனைக்கும் நோயை முதலில் பிடித்தவரே அந்த அம்மாதான். பிறந்து மூன்றாம் நாள் பிள்ளை பால் குடிக்க மறுத்தது. கிருமித் தொற்று என்று மருந்து போனது. "சீலையில பனம்பாணி வாசம் வருது, மூத்ததுக்கும் இப்பிடித்தான்" என்று தாதியிடம் சொன்னவர் அவர். லியூசின், ஐசோலியூசின், வலீன் என்ற மூன்று அமினோ அமிலங்களை உடைக்கும் நொதியம் வேலை செய்யாவிட்டால், அவை இரத்தத்தில் ஏறும். லியூசின் மூளையை வீங்கவைக்கும். சிறுநீரில் இனிப்பு வாசம் வரும். மென்கஸ் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் 1954இல் இதை முதலில் எழுதியதும், ஒரே குடும்பத்தில் மூன்று மாதம் தாண்டாமல் செத்த நான்கு பிள்ளைகளைப் பற்றித்தான். நம் நாட்டில் பிறந்த பிள்ளையின் குதிக்காலில் குத்தி எடுக்கும் துளி தைரொயிட்டைப் பார்க்கத்தான். இந்த நோய் அதில் அகப்படாது. உலகத்தில் ஏறத்தாழ 185,000 பிறப்புக்கு ஒன்று என்பார்கள். அந்த வீட்டில் ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் நாலில் ஒன்று. நோய்க்குப் பெயர் வந்து சேர்ந்தபோது பிள்ளை இல்லை.

அப்படிப்பட்ட மனுசியிடம், "உங்கட இரத்தம்தான்" என்று எப்படிச் சொல்வது? ஆய்வுக்கு வந்தது முதல் எனக்குக் கட்டுரைகள் கற்றுத்தந்தது, பெற்றோரிடம் குற்றம் என்ற சொல்லே வராமல் பேசவேண்டும் என்பது. கரோட் என்ற ஆங்கில மருத்துவர் 1902இல், வேறொரு பரம்பரை நோயால் கறுத்த சிறுநீர் போகிற பிள்ளைகளின் தாய் தகப்பன் பலர் ஒன்றுவிட்ட சகோதரர் என்று எழுதிவைத்தார். அவருக்குப் பதில் சொல்லவேண்டிய மாமியார் யாரும் இருக்கவில்லை. 2009இல் திருகோணமலைப் பக்கத்தோடு இணைக்கும் கிண்ணியாப் பாலம் திறந்தபிறகு ஒரு கூட்டத்தில், இனிச் சம்பந்தங்கள் தூர ஊருக்கும் போகும், இந்த நோய்கள் குறையும் என்று நானும் பேசினேன். கலியாணம் காணியைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. பாலத்தை யார் பார்க்கிறார்கள்?

மாமியார் வெளியே போனபின் மருமகள் நின்றாள்.

"மாமிக்கும் ரத்தம் எடுத்துப் பார்க்கேலாதா, டொக்டர்?"

"உங்கட அடுத்த பிள்ளைக்கு அது தேவையில்லை, தங்கச்சி."

இதுவும் பொய்யில்லை. நாலில் ஒன்று என்பது மாமியாரின் பரிசோதனையால் கூடாது, குறையாது. ஆனால் அவள் கேட்டது அடுத்த பிள்ளைக்காக இல்லை என்பது அந்த நேரமே எனக்குத் தெரிந்தது. இரண்டு பிள்ளையைத் தின்றவள் என்ற பேச்சோடுதான் அவள் திரும்பிப் போகவேண்டும். ஒரு துண்டுக் கடுதாசி அதை நிறுத்தியிருக்குமா? நிறுத்தியிருக்காது என்றுதான் நினைக்கிறேன். அறிக்கையைக் கொண்டுபோய் மாமியாரோடு வழக்காடிய வீடு எதையும் நான் கண்டதில்லை. எனக்குத் தெரிந்த வீடுகள் எத்தனை என்று கேட்டால் வேறு கதை.

சோதனை என்பது எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்கில்லை என்று சக ஆய்வாளர் ஒருவர் சொல்கிறார். சரி. ஆனால் மருமகளை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்களே, நாங்கள் ஒருவரை மட்டும் இறக்கிவிட்டோமே என்று கேட்டேன். அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

போன மாதம் வேறொரு வழியாகக் கேள்விப்பட்டேன்: அந்த அம்மாவின் இளைய மகளுக்கும் சொந்தத்துக்குள்தான் பேச்சு நடக்கிறதாம். இனி அவருடைய வட்டம் மருத்துவத்துக்கும் தேவைப்படுகிறது. இதுவரை கிடைக்காத நல்ல சாட்டு எனக்குக் கிடைத்துவிட்டது. மாமியாரையும் கிளினிக்குக்கு வரச்சொல்லிக் கடிதம் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் "வழமையான பரிசோதனை" என்று போட்டிருக்கிறேன்.