ஆன்லைன்ல சென்ட் வாங்கி ஏமாந்து, பணத்த மீட்டு, அப்புறம் ஒரிஜினல் வாங்கின அனுபவம்

நான் இருக்கறது பெங்களூர் அல்சூர், சொந்த ஊர் தர்மபுரி. போன வருஷம் அக்காவோட பத்தாவது கல்யாண நாளுக்கு மாமாவுக்கு நல்ல சென்ட் ஒண்ணு வாங்கித் தரணும்னு இருந்தேன். எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராச்சும் டியோர் சோவாஜ் அடிச்சிருந்தா "இது என்ன சென்ட்டுப்பா"ன்னு கேட்டு வச்சுப்பாரு, தனக்குன்னு மட்டும் வாங்கவே மாட்டாரு.

மால்ல கேட்டா 100 மில்லி பத்தாயிரத்துக்கு மேல சொன்னாங்க. ஒரு பெரிய ஷாப்பிங் ஆப்ல அதே பாட்டில் 4,799 ரூபா, நாலு ஸ்டாருக்கு மேல ரேட்டிங், '100% ஒரிஜினல்'னு வேற போட்டிருந்துச்சு, நானும் ஆர்டர் போட்டுட்டேன். கீழ சின்ன எழுத்துல விக்கறவங்க பேரு வேற யாரோ, அத நான் பாக்கவே இல்ல. ஆப் பெருசா இருந்தா பொருளும் நல்லதுன்னு நெனச்சதுதான் நான் பண்ணின தப்பு.

பார்சல் வந்ததும் பொட்டிய பாத்தா ஒண்ணும் தெரியல. மூடிய தெறந்து மூடும்போதுதான் சந்தேகம் வந்துச்சு, ஒரிஜினல்ல காந்தம் இருக்கும், பக்கத்துல கொண்டு போனாலே 'டக்'குனு ஒக்காரும், இது சும்மா லொடலொடன்னு ஆடுச்சு. பொட்டிக்கு அடியில இருந்த பேட்ச் நம்பர், அதாவது எந்தத் தொகுதியில தயாரிச்சதுன்னு காட்டற நம்பர் ஒண்ணு, பாட்டிலுக்கு அடியில இருந்தது வேற ஒண்ணு. அடிச்சுப் பாத்தேன், மொத பத்து நிமிஷம் சத்தியமா அதே வாசனைதான், அதனாலதான் நெறைய பேரு ஏமாறுறாங்க. அரை மணி நேரம் கழிச்சு சோப்புத்தூள் மாதிரி ஒரு வாடை மட்டும் மிஞ்சுச்சு. அடுத்த நாள் மாலுக்குப் போயி ஒரு கையில கடை டெஸ்டர், இன்னொரு கையில என்னோடது அடிச்சுட்டு சாயங்காலம் வரைக்கும் மோந்து மோந்து பாத்தேன். ரெண்டும் வேற வேறன்னு கொழந்தைகூட சொல்லிடும்.

இந்த சென்ட் 2015ல வந்ததுலேந்து நல்லா ஓடுது, அதனாலயே டூப்ளிகேட்டும் ஜாஸ்தி. பேட்ச் நம்பர தட்டினா தயாரிச்ச தேதி காட்டற சைட்டுங்க இருக்கு, பல பேரு அத மட்டும் பாத்துட்டு நம்பிடறாங்க. போலி பண்றவன் உண்மையான பாட்டில்ல இருக்கற நம்பரையே அச்சடிச்சா அந்த சைட் அழகா தேதி காட்டத்தான் செய்யும். நம்பர் ஒத்துப்போகலன்னா சந்தேகப்படலாம், ஒத்துப்போச்சுன்னு மட்டும் வச்சு ஒரிஜினல்னு சொல்லவே முடியாது.

ரிட்டர்ன் கேட்டா, பிரிச்ச சென்ட்ட திருப்பி எடுக்க மாட்டோம்னு சாட்ல ஒரே பதில். மூணு நாள் அதுலயே போச்சு, அழுகையே வந்துடுச்சு. அப்பதான் ஆபீஸ்ல ஒரு அண்ணா வழி சொன்னாரு. 2020ல வந்த இ-காமர்ஸ் விதிப்படி ஒவ்வொரு தளத்துலயும் குறைதீர் அதிகாரின்னு ஒருத்தர் பேரு, தொடர்பு விவரம் போட்டிருக்கணும், புகார் கெடச்சதுன்னு 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும், ஒரு மாசத்துக்குள்ள தீர்க்கணும். சாட்ட விட்டுட்டு அவருக்கே மெயில் போட்டேன், மூடி, ரெண்டு பேட்ச் நம்பர், பில்லு, எல்லா போட்டோவும் வச்சு. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணினேன், தமிழ்லயே பேசலாம், கன்னடமோ இந்தியோ தெரியலயேன்னு தயங்க வேண்டாம். புகார் நம்பர் குடுத்தாங்க, அதையும் மெயில்ல சேத்தேன். அதுக்கப்புறம்தான் அவங்க பேச்சே மாறுச்சு, 19 நாள்ல முழுப் பணமும் வந்துடுச்சு. பிரிக்கும்போதே வீடியோ எடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும், இப்பல்லாம் கூரியர் கவர்ல இருக்கற லேபிள்லேந்தே எடுக்க ஆரம்பிச்சுடறேன்.

ரெண்டாவது தடவ விலைய பாக்காம மொதல்ல விக்கறது யாருன்னு பாத்தேன். நைக்கா, டாடா கிளிக் லக்ஷரி, பார்கோஸ், செஃபோரா மாதிரி எடங்கள்ல தேடினேன், அங்கயும் 'விற்பவர்' பேர தெறந்து படிச்சேன். பார்சல் வந்ததும் மொதல்ல தேடினது பொட்டி மேல இறக்குமதி ஸ்டிக்கர். வெளிநாட்டு சென்ட் இங்க முறையா விக்கணும்னா இறக்குமதி பண்ணினவங்க பேரு, முகவரி, எம்ஆர்பி, தயாரிச்ச மாசம் வருஷம், கஸ்டமர் கேர் இதெல்லாம் இருக்கணும், அழகுசாதனப் பொருள்ங்கறதால பதிவு எண்ணும் இருக்கணும். இன்னொண்ணும் சொல்லிடறேன், ஸ்டிக்கர் இல்லாததெல்லாம் போலின்னு அர்த்தமில்ல, துபாய் டியூட்டி ஃப்ரீல சித்தப்பா வாங்கிட்டு வந்ததுலயும் இருக்காது, ஆனா அது ஒரிஜினல்தான். இங்க இருந்துக்கிட்டு புது பாட்டில்னு விக்கறவன்கிட்ட ஸ்டிக்கரும் இல்ல ஜிஎஸ்டி பில்லும் இல்லன்னா, எவ்வளவு கம்மி விலையா இருந்தாலும் நான் வாங்க மாட்டேன். இன்ஸ்டாகிராம்ல 'டெஸ்டர் பீஸ், ஜிபே மட்டும்'னு வர்றத எட்டிக்கூட பாக்கறதில்ல, பணம் போச்சுன்னா யார்கிட்ட போயி கேக்கறது?

முழு பாட்டிலுக்கு காசு பத்தலன்னா டீகேன்ட்னு ஒண்ணு இருக்கு, பெரிய பாட்டில்லேந்து 5 மில்லி, 10 மில்லி பிரிச்சுக் குடுப்பாங்க. இது முழுக்க முழுக்க ஆள நம்பி வாங்கறது, தெரிஞ்சவங்க கிட்ட மட்டும் வாங்குங்க. என் ஆபீஸ் அண்ணா கிட்ட இப்படி 5 மில்லி வாங்கி ஒரு வாரம் அடிச்சுப் பாத்து, வாசனை மனசுல நின்னதுக்கு அப்புறம்தான் பெரிய பாட்டிலுக்கே போனேன்.

தேதிக்கு வேணும்னா பத்து நாள் முன்னாடியே ஆர்டர் போடுங்க. சென்ட்ல ஆல்கஹால் இருக்கறதால விமானத்துல அனுப்ப கட்டுப்பாடு உண்டு, நெறைய பார்சல் ரோடு வழியாத்தான் வருது. எனக்கு ஆறு நாள் ஆச்சு.

மாமா மூடிய மூணு தடவ தெறந்து 'டக்'குனு மூடிப் பாத்தாரு. இப்ப பாட்டில் பாதி தீந்துடுச்சு. தீந்ததும் காலி பாட்டில யாருக்கும் விக்காதீங்க மாமா, பொட்டியையும் கிழிச்சுப் போடுங்கன்னு சொல்லி வச்சிருக்கேன், அந்த காலி பாட்டில வாங்கித்தான் உள்ள வேற எதையோ ஊத்தி மறுபடியும் விக்கறாங்க.