வேலியோரத்துச் செம்மஞ்சள் லில்லி

பழைய வீடு ஒன்றை வாங்கினால் அதோடு யாரோ ஒருவருடைய தோட்டமும் சேர்ந்து வரும். எது நட்டது, எது தானாக வந்தது என்று வீட்டுப் பத்திரம் சொல்லாது. நாங்கள் ஒன்ராறியோவில் இந்த வீட்டுக்கு வந்தபோது முற்றமெல்லாம் பனி. ஏப்ரலில் பனி கரைந்ததும் பின்வேலி ஓரமாக வெளிர்பச்சை இலைகள் விசிறி விசிறியாக எழும்பின. வேறு எதுவும் இன்னும் முளைக்கத் தொடங்காத நேரம், அதனால் பச்சையைக் கண்டதே பெரிய சந்தோஷம். மே மாதத்தில் அந்த இலைகள் நீண்டு சரிந்து, பக்கத்தில் தலைகாட்டிய சின்னச் செடிகளையெல்லாம் மூடிவிட்டன. அப்போதுதான் சந்தேகம் வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "டிட்ச் லில்லி" என்றார். தெருவோரக் கானில் வளரும் லில்லி. தோட்டக்காரர்கள் அதைக் காட்டு டேலில்லி என்பார்கள். நாங்கள் சவளைத் தேடுவதைப் பார்த்துவிட்டு அவர் சொன்ன புத்திமதி, இந்த நாட்டில் எனக்குக் கிடைத்தவற்றில் மிக உருப்படியானது: முதல் வருடம் எதையும் பிடுங்காதே, சும்மா பார். இங்கே தோட்டம் தன்னை ஒரே நாளில் காட்டாது. வசந்தத்தில் டியூலிப் வந்து போகும், யூனில் பியோனி பூக்கும், ஓகஸ்ட் வரை இருக்கிற இடமே தெரியாத செடிகளும் உண்டு. ஒரு சுற்று முடியாமல் தோண்டினால் நல்லதும் சேர்ந்துதான் போகும்.

சரி, பார்த்தோம். யூன் கடைசியிலிருந்து யூலை முழுக்கப் பூத்தது. இலை இல்லாத நீண்ட தண்டுகள், ஒரு மீட்டர் உயரம் வரை. உச்சியில் கொத்தாக மொட்டுகள், அவற்றில் செம்மஞ்சள் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நாள்தான் ஆயுள், ஆனால் மொட்டுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக விரிவதால் வாரக்கணக்கில் பூத்தபடியே இருக்கும். வடிவு என்பதை மறுக்க முடியாது. இதைப் புலி லில்லி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையான புலி லில்லியின் இதழில் கரும்புள்ளிகள் இருக்கும், தண்டு முழுக்க இலை இருக்கும். இது வேறு இனம்.

இதன் பூர்வீகம் ஆசியா. சீனச் சமையலில் உலர்த்திய டேலில்லி மொட்டுக்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பா போய், அங்கிருந்து குடியேறியவர்களோடு வட அமெரிக்கா வந்து, பண்ணை வீடுகளின் வாசலில் நடப்பட்டது. வீடு இடிந்து போன பிறகும் அந்த இடத்தில் இது மட்டும் நிற்பதை நாட்டுப்புற வீதிகளில் காணலாம். கடல் கடந்து வந்து வேரூன்றியது என்றதும் நம்மோடு ஒப்பிட்டு ஒரு கவிதை எழுத ஆசை வரும். ஒரு பாத்தியைக் கிண்டிப் பார்த்தவருக்கு அந்த ஆசை வராது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொன்று. இங்கே பரவலாக உள்ள வகை மும்மடிய நிறமூர்த்தங்கள் கொண்டது, அதாவது வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம்கள், அதனால் பெரும்பாலும் விதை கட்டாது. காற்றோ பறவையோ கொண்டுவந்து போட வழியில்லை. அப்படியானால் அழைக்காமல் வந்தது எப்படி? வேர்த்தண்டு நிலத்துக்கடியில் வேலியைத் தாண்டும். லொறியில் கொட்டிய மண்ணோடு கிழங்கு வரும். யாரோ பிடுங்கி எறிந்த கட்டி கானில் விழுந்து மறுபடி முளைக்கும். ஏதோ ஒரு கட்டத்தில் மனிதக் கை பட்டிருக்கும்.

மருந்தடிக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். வீட்டுத் தோட்டத்தின் அழகுக்காகக் களைகொல்லி அடிப்பதை ஒன்ராறியோ 2009 முதல் தடை செய்திருக்கிறது. ஆகவே கையால்தான். தோண்டுவதற்கு முன்பு நிலத்தடியில் எரிவாயு, மின் குழாய்கள் எங்கே போகின்றன என்று ஒன்ராறியோ வன் கோல் சேவையிடம் கேட்டு அடையாளம் இடுவிக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு இலவசம், சட்டமும் அதுதான். சின்னக் குழிக்கும் இதுவா என்று அலுப்பாக இருக்கும், செய்துவிடுங்கள்.

மழை பெய்த மறுநாள் தோண்டுவது நல்லது. இங்கத்தைய களிமண் காய்ந்தால் கல். சவள் வேரைத் துண்டு துண்டாக்கும், பல் வைத்த தோட்ட முள்ளால் சுற்றிவரக் கிளப்பினால் கட்டி முழுதாக வரும். கீழே தண்ணீர்விட்டான் கிழங்கு மாதிரிக் கொத்துக் கொத்தாகப் பருத்த வேர்கள். அவற்றோடு பக்கவாட்டில் ஓடும் வேர்த்தண்டையும் தேடி எடுக்க வேண்டும். அதில் ஒரு துண்டு தங்கினாலும் அடுத்த வசந்தத்தில் விசிறி விரிக்கும், அப்போது மறுபடி இறங்கத்தான் வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் இலைகளை அடியோடு வெட்டி, ஒரு கோடை முழுக்கக் கறுப்புத் தறப்பாளால் மூடி வைக்கலாம். எடுத்த கிழங்கை வீட்டுப் பசளைக் குவியலில் போடக் கூடாது, அங்கேயும் வளரும்.

முழுவதையும் ஒழிக்கும் எண்ணத்தை நான் விட்டுவிட்டேன். பூப்பாத்தியிலும் பக்கத்து வீட்டு எல்லையிலும் ஒன்றுகூட விடுவதில்லை. பின்னால் கானை நோக்கிச் சரியும் மேட்டில் விட்டிருக்கிறேன், வேறு எதுவும் பிடிக்காத அந்தச் சரிவில் மண்ணை இறுகப் பிடித்து நிற்கிறது. நடுவே ஒரு புல் கீற்று. வாராவாரம் புல்வெட்டி ஓடுவதால் அதைத் தாண்டி வரும் குருத்து நிலைப்பதில்லை. காட்டோரமாக வீடு இருந்திருந்தால் இந்தச் சலுகையும் கொடுத்திருக்க மாட்டேன், காட்டுக்குள் இறங்கினால் உள்ளூர்ச் செடிகளை நெருக்கிவிடும்.

பூவைப் பார்த்துவிட்டுக் கிழங்கு கேட்பவர்கள் உண்டு. அவர்களிடம் முதல் கேள்வி, வீட்டில் பூனை இருக்கிறதா என்பதுதான். டேலில்லியின் இலை, பூ, மகரந்தம் எதுவும் பூனையின் சிறுநீரகத்தைப் பழுதாக்கும், உயிரையே எடுக்கும். பூனை இல்லை என்றால் ஒரு கட்டி கொடுக்கிறேன், அடி வெட்டிய பெரிய வாளியை மண்ணுக்குள் இறக்கி அதற்குள்தான் நட வேண்டும் என்ற நிபந்தனையோடு. சிலர் நிபந்தனையைக் கேட்டதும் பேச்சை மாற்றிவிடுகிறார்கள்.