ஆன்டிபயாடிக்குக்குப் பின் வந்த பேதி: கிருஷ்ணகிரியில் ஒரு டெஸ்டுக்கும் மருந்துக்கும் பட்ட பாடு

அம்மாவுக்கு ஒருவழியாகக் குணமாகிவிட்டது. ராகிக் களியும் கீரைக் குழம்பும் பழையபடி சாப்பிடுகிறார். ஆனால் ஒரு மலப் பரிசோதனைக்கும் ஒரு மருந்துக்கும் நாங்கள் அலைந்த அலைச்சலை நினைத்தால் இன்னும் ஆறவில்லை. கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வேறு யாருக்காவது இது வந்தால் உதவட்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. காலில் புண் வந்து சீழ் பிடித்ததால் கிளிண்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். புண் ஆறத் தொடங்கியது. மாத்திரை முடிந்த கொஞ்ச நாளில் பேதி பிடித்துக்கொண்டது. தண்ணீர் தண்ணீராக, ராத்திரியில்கூட எழுந்து ஓடும் அளவுக்கு. கூடவே அடிவயிற்று வலி, லேசான காய்ச்சல். மெடிக்கலில் கேட்டதும் பேதியை நிறுத்தும் லோப்பரமைடு மாத்திரை அட்டையை நீட்டினார்கள். என் தங்கை நர்சிங் படித்தவள். "ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு வர்ற பேதியை என்ன ஏதுன்னு பாக்காம மாத்திரை போட்டு நிறுத்தக் கூடாதுண்ணா, சில சமயம் குடலே வீங்கி ஆபத்தாயிடும்" என்று போனிலேயே தடுத்துவிட்டாள். அவள் சொல்லியிராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ.

முதலில் பார்த்த இடத்தில் மலத்துக்குச் சாதாரணப் பரிசோதனையும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரும் எழுதினார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. "சாப்பாடு ஒத்துக்கலை, அவ்வளவுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா சுருண்டு கிடக்கிறார், கையில் நார்மல் ரிப்போர்ட்! பிறகுதான் தெரிந்தது, அம்மாவுக்கு இருந்த கிருமியைச் சாதாரண கல்ச்சர் காட்டவே காட்டாது. அது ஆக்சிஜன் பட்டால் வளராத வகை.

கிருஷ்ணகிரியில் ஒரு குடல் டாக்டரிடம் போனோம். அவர் கேட்ட முதல் கேள்வியே, "கடைசி மூணு மாசத்துல என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டாங்க?" பழைய சீட்டுகளைக் காட்டியதும் சி.டிஃப் என்று சந்தேகப்பட்டார். குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா அது, க்ளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்பது முழுப்பெயர். அவர் பொறுமையாக விளக்கியதை இங்கே சொல்லியாக வேண்டும். நம் பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. கல்லீரலில் இருந்து வரும் பித்த உப்புகளை அவற்றில் சில வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. அப்படி மாறிய உப்புகள் இருக்கும்வரை சி.டிஃப் தலைதூக்க முடியாது. ஆன்டிபயாடிக் புண்ணில் இருக்கும் கிருமியை மட்டும் தேடிப் போய்க் கொல்வதில்லை, குடலில் இருக்கும் இவற்றையும் அழிக்கிறது. காவல் போனதும் சி.டிஃப் பெருகி, நச்சைச் சுரந்து குடலைப் புண்ணாக்குகிறது. கிளிண்டாமைசின் மட்டுமல்ல, செஃபலோஸ்போரின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகளுக்குப் பிறகும் இது வரலாம்.

சரி, அந்த நச்சைப் பார்க்கும் டெஸ்ட் எங்களுக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை. சாம்பிளை பெங்களூருக்கு அனுப்ப வேண்டும். காலையிலேயே கலெக்‌ஷன் சென்டரில் கொடுத்துவிட்டு வந்தோம். மறுநாள் போன்: "சாம்பிள் ரிஜெக்ட் சார், மறுபடி கொண்டு வாங்க." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. நேரில் போய் நின்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வண்டி வரும் சாயங்காலம் வரை டப்பா மேசை மேலேயே இருந்திருக்கிறது. அந்த நச்சு சாதாரண வெப்பத்தில் சில மணி நேரத்திலேயே சிதைந்துவிடும், ஃப்ரிட்ஜ் குளிரில் வைக்க வேண்டும். இது வாங்கி வைத்தவருக்குத் தெரியவில்லை. பணமும் திரும்ப வரவில்லை. அதைவிட, நோயாளிக்கு ஒரு நாள் வீணாகிறதே என்ற பதைப்பு அங்கே ஒருவர் முகத்திலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

அடுத்த முறை ஐஸ் பெட்டியில் வைத்து நானே பஸ் ஏறினேன். ஓசூர் தாண்டியதும் டிராஃபிக்கில் வண்டி ஊர்ந்தது, பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. இதற்குப் போகிறவர்கள் கவனிக்க: மலம் இளகி, டப்பாவின் வடிவத்துக்குப் படிகிற மாதிரி இருந்தால்தான் வாங்குவார்கள். கெட்டியாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள், அது சரியான விதிதான். என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்று டாக்டர் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் போன் செய்து டெஸ்டின் பெயரை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

ரிப்போர்ட் பாசிட்டிவ். இனி மருந்துதானே என்று நினைத்தோம். வான்கோமைசின், வேளைக்கு 125 மில்லிகிராம், நாளைக்கு நான்கு வேளை, 10 நாள், வாய் வழியாக. காப்ஸ்யூல் கிருஷ்ணகிரியிலும் இல்லை, தர்மபுரியிலும் இல்லை. ஊசி மருந்துக் குப்பிதான் இருந்தது. டாக்டர் அதையே கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். மெடிக்கலில், "ஊசி மருந்தை எப்படிங்க குடிப்பாங்க? டாக்டர் தப்பா எழுதிட்டாரு" என்று தர மறுத்தார்கள். வீட்டருகே இருக்கும் நர்ஸ் அக்காவோ நரம்பில் ஏற்றத் தயாராகிவிட்டார். இந்த நோய்க்கு நரம்பில் ஏற்றினால் பயனில்லை, குடலுக்குள் மருந்து போய்ச் சேராது. குடித்தால்தான் போகும். டாக்டரையே போனில் பேச வைத்துத்தான் குப்பி கிடைத்தது. 500 மில்லிகிராம் குப்பியை 10 மில்லி கிருமி நீக்கிய நீரில் கரைத்து, வேளைக்கு இரண்டரை மில்லி. ஒரு குப்பி ஒரு நாளுக்குச் சரியாக வந்துவிட்டது, மீதியை ஃப்ரிட்ஜில் வைத்தோம். அம்மா கசப்பில் முகம் சுளித்தாலும் விடாமல் குடித்தார். பாதியிலேயே பேதி குறைந்துவிட்டது.

வீட்டில் எல்லோரும் ஒரே கழிப்பறை. இந்தக் கிருமியின் வித்து (ஸ்போர்) சானிடைசருக்குச் சாகாது, சோப்புப் போட்டுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினால்தான் போகும். கழிப்பறையைத் தினமும் பிளீச்சிங் கரைசலால் கழுவினோம்.

இத்தனைக்கும் பிறகு, காலுக்குக் கட்டுப் போடும் இடத்தில் ஒரு முட்டுக்கட்டை: "நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வாங்க." பேதி நின்ற பிறகு மறு டெஸ்ட் செய்யத் தேவையில்லை, குணமானவருக்கும் பல வாரம் பாசிட்டிவ் காட்டலாம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அவரிடம் கடிதம் வாங்கிப் போய் நீட்டிய பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருமாம், பெரும்பாலும் மருந்து முடிந்த முதல் இரண்டு மாதத்துக்குள். மறுபடி மறுபடி வந்தால், நல்ல ஆரோக்கியமுள்ள ஒருவரின் மலத்தில் இருக்கும் பாக்டீரியாக்களை நோயாளியின் குடலில் சேர்க்கும் சிகிச்சையும் உண்டு என்றார் டாக்டர். அமெரிக்காவில் 2022-லும் 2023-லும் அதற்கான மருந்துகளுக்கே அனுமதி கொடுத்திருக்கிறார்கள். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அம்மாவின் ஃபைலில் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறோம்: "சி.டிஃப் வந்தவர். ஆன்டிபயாடிக் எழுதும் முன் இதைப் பார்க்கவும்." போன வாரம் பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு, எழுதவிருந்த மாத்திரையை எழுதாமல் விட்டார்.