அப்பத்தா விளக்கி வைத்த ரூபாய்கள்

போன மாதம் நிலக்கோட்டையிலிருந்து சித்தப்பா மகன் போன் பண்ணினான். "அக்கா, அப்பத்தா செம்புல வெள்ளி ரூவா கெடக்குல்ல, அதையெல்லாம் அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு போட்டு வாங்குனா லட்சக்கணக்குல போகுமாம்ல? ஒரு வீடியோவுல சொல்றாங்க. நீதான் இந்தக் காசு வெவகாரமெல்லாம் தெரிஞ்சவ, சொல்லுக்கா."

"எதையும் கழுவாத, தொடைக்காத. ஞாயித்துக்கெழம வர்றேன்"னு சொல்லிவிட்டு போனை வைத்தேன். கழுவாதே என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்துக்கொண்டு, ராத்திரி கடை அடைத்த பிறகு நாணயம் பார்க்கிறவள் நான். பன்னிரண்டு வருடமாகப் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள் சேர்க்கிறேன். ஆரம்பத்தில் 1943ஆம் வருடத்து வெள்ளி ரூபாய் ஒன்றை, கறுத்துக் கிடக்கிறதே என்று, அலுமினியத் தாளும் ஆப்பசோடாவும் வெந்நீரும் போட்டு நானே வெளுக்க வைத்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. அந்த மினுமினுப்பை நம்பி ஒரு டீலர் மூலமாக வெளிநாட்டுக்குத் தரம் போட அனுப்பினேன். ஐந்து மாதம் கழித்துப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்டுத் திரும்பி வந்தது. தர எண்ணே இல்லை. 'டீடெயில்ஸ், கிளீன்டு', அதாவது கழுவிய காசு என்று மட்டும் இருந்தது. கட்டணமும் கூரியர் செலவும் போனது போனதுதான். அதைவிட, கறுப்போடு விட்டிருந்தால் நல்ல எண் கிடைத்திருக்குமே என்கிற வருத்தம் இன்னும் தீரவில்லை. அந்தப் பெட்டி என் மேஜை மேலேயே இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நிலக்கோட்டை போய்ச் செம்பைக் கவிழ்த்ததும் மொத்தம் இருபத்துமூன்று காசு விழுந்தது. எல்லாம் பளபளவென்று இருந்தன. சித்தி பெருமையோடு சொன்னாள்: "அத்தை இருந்த வரைக்கும் வருசா வருசம் ஆயுத பூசைக்கு முந்தின நாள் புளி போட்டு வெளக்கி, விபூதி போட்டுத் தொடச்சுத்தான் சாமிக்கு முன்னாடி வைப்பாங்க. அவங்க போனப்புறம் நான் செய்யிறேன்." எனக்கு அந்த நிமிஷமே பாதி பதில் கிடைத்துவிட்டது. ஆனாலும் ஒன்றொன்றாகப் பார்க்காமல் சொல்லக் கூடாது என்று தராசையும் லூப் என்கிற சின்னப் பூதக்கண்ணாடியையும் எடுத்தேன்.

தரம் போடுவது என்றால் என்ன என்று தம்பிக்கு விளக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் என்ஜிசி, பிசிஜிஎஸ் என்று இரண்டு பெரிய நிறுவனங்கள். இரண்டும் 1980களில் தொடங்கியவை. நாணயம் அசலா என்று பார்ப்பார்கள், தேய்மானம் பார்ப்பார்கள், 1லிருந்து 70க்குள் ஓர் எண் கொடுத்து, திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருவார்கள். அந்த உறையைத்தான் எங்கள் வட்டத்தில் ஸ்லாப் என்போம். அந்த 70 அளவுகோல் வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949இல் அமெரிக்காவின் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தது. 60லிருந்து மேலே என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. 50லிருந்து 58 வரை என்றால் லேசாகக் கைபட்டது. நம் வீடுகளில் கிடக்கிற ரூபாய்கள் பெரும்பாலும் 20க்கும் 40க்கும் நடுவில்தான் நிற்கும். சந்தையில் தாராளமாகக் கிடைக்கிற வருடத்துக் காசு 30 என்று எண் வாங்கி ஸ்லாபுக்குள் உட்கார்ந்தால், ஸ்லாபுக்குக் கொடுத்த பணம்கூடத் திரும்பாது.

பழசு என்றாலே அபூர்வம் என்று நினைப்பதுதான் பெரிய தடுக்கல். செம்பில் 1862 என்று தேதி போட்ட விக்டோரியா ரூபாய் மூன்று இருந்தன. தம்பி அதைத்தான் முதலில் எடுத்து நீட்டினான். நூற்றறுபது வருடத்துக்கு மேல் ஆன காசுதான். ஆனால் 1862 என்ற அதே தேதியை மாற்றாமலே பத்து வருடத்துக்கும் மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1874இல்தான் வருடா வருடம் தேதி மாற ஆரம்பித்தது. இடையில் எந்த வருடம் அடித்தது என்பதற்கு அடையாளமாகக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் வைத்தார்கள். அந்தப் புள்ளிகளை எண்ணுவது தனிச் சுகம்; புள்ளி எத்தனை, எந்த இடம் என்பதைப் பொறுத்துச் சில வகை அரிது. எங்கள் மூன்றிலும் அப்படி எதுவும் இல்லை, ராணியின் கன்னம் வழவழவென்று தேய்ந்துபோயிருந்தது. வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

1840ஆம் வருடத்து ரூபாய் ஒன்றில் உச்சியில் வளையம் பற்றவைத்த தழும்பு. காசுமாலையில் கோத்துப் போட்டிருந்தது. பற்றவைத்த தடம் இருந்தால் எந்த நிறுவனமும் சுத்தமான எண் தராது. அதை ஒரு பக்கம் எடுத்து வைத்தேன்.

பிறகு எல்லாவற்றையும் எடை போட்டேன். வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. தேய்ந்த காசு 11.5, 11.4 என்று காட்டும். பத்தரை, பத்து என்று இறங்கினால் சந்தேகப்பட வேண்டும். இங்கே எல்லாம் ஒழுங்காக இருந்தன. காந்தத்தையும் வைத்துப் பார்த்தேன், எதுவும் ஒட்டவில்லை. ஒட்டினால் போலி என்று முடிவு கட்டுகிறவர்களுக்கு ஒரு சேதி: 1947ஆம் வருடத்துப் புலி படம் போட்ட ரூபாய் சுத்த நிக்கல். அது காந்தத்தில் ஒட்டும், ஒட்டத்தான் வேண்டும்.

அதற்கப்புறம் வந்தது 1911. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பட்டத்துக்கு வந்தபோது அடித்த முதல் ரூபாய். மன்னரின் அங்கியில் யானைச் சின்னம் ஒன்று இருக்கும். அந்த யானையின் தும்பிக்கை கட்டையாக இருந்ததால் பன்றி மாதிரித் தெரிகிறது என்று முஸ்லிம் மக்களிடமிருந்து எதிர்ப்பு வந்தது. காசைத் திரும்பப் பெற்று, 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். 'பன்றி ரூபாய்' என்றால் சேகரிக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். என் கை கொஞ்சம் நடுங்கியது என்பது உண்மை.

ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஒற்றை பல்புக்குக் கீழே சாய்த்துப் பார்த்தேன். லூப்பில் முதலில் தெரிந்தது கோடுகள். தலைமுடியை விட மெல்லிசாக ஆயிரம் கோடுகள், எல்லாம் வட்ட வட்டமாக. கட்டை விரலால் விபூதியைத் தேய்த்த வட்டம் அது. காசைத் திருப்பத் திருப்ப வெளிச்சம் அந்தக் கோடுகளில் மாட்டிச் சிதறியதே தவிர, அடித்த புதுக் காசில் சக்கரத்தின் ஆரம் போல ஒளி சுற்றி வருமே, அது வரவில்லை. அங்கிப் பக்கம் போனேன். யானை இருக்க வேண்டிய இடத்தில் கடுகளவு மேடு ஒன்று இருந்தது. யானையா பன்றியா என்று ஒரு நாடே சண்டை போட்ட அந்தத் தும்பிக்கையை அப்பத்தாவின் விரல் வருடக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்துக் கரைத்திருந்தது.

"என்னக்கா, போலியா?"

"அசல்தான்டா தம்பி. ஆனா எண் கெடைக்காது."

இன்னொன்றையும் அவனுக்குச் சொன்னேன், வீடியோக்காரர்கள் சொல்லாத விஷயம். 1972ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது நிறைந்த நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. அப்படியென்றால் விக்டோரியா, எட்வர்டு, ஜார்ஜ் மன்னரின் 1911லிருந்து 1922 வரையுள்ள ரூபாய்கள் எதையும் அமெரிக்காவுக்குப் பார்சல் கட்டவே முடியாது. "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், குடுங்க" என்று சொன்ன ஒரு டீலரை எனக்குத் தெரியும். அவரிடம் நான் எதுவும் கொடுத்ததில்லை. கஸ்டம்ஸில் பிடித்தால் போவது நம் காசு. அதைவிட, நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று சட்டம் சொல்கிற பொருளை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்காகக் கடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்தியாவிலேயே வைத்துப் பார்க்கிற ஏற்பாடா என்று தெளிவாகக் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் பழைய காசைக் கையிலிருந்து விட வேண்டும்.

செம்போடு சேர்த்து ஒரு 'ராமர் பட்டாபிஷேகக் காசு'ம் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் ராமர், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே கிடையாது. அரிசியை இழுக்கும், கோடி ரூபாய் போகும் என்று சொல்லி நம் பக்கத்தில் எத்தனை குடும்பத்தை ஏமாற்றியிருக்கிறார்கள்! பூஜையில் வைத்துக் கும்பிடட்டும், விற்க நினைக்க வேண்டாம் என்றேன். பழைய காசு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி யாராவது போன் செய்தால் நம்ப வேண்டாம் என்றும் சொல்லி வைத்தேன். ரிசர்வ் வங்கியே 2021இல் அதற்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

தம்பி முகம் வாடிப்போனது. அப்போதுதான் சித்தப்பா உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பத்திரத்தைக் கொண்டு வந்தார். 1941இல் தாத்தா கிணற்றடி நிலம் வாங்கிய கிரயப் பத்திரம். மடிப்புக்குள் பொட்டலம் கட்டி ஒரு ரூபாய். "ராசிக்குன்னு அப்பா வச்சது, நாங்க யாரும் தொட்டதில்ல"ன்னார்.

ஆறாம் ஜார்ஜ், 1938. 1922க்கப்புறம் பல வருடம் புழக்கத்துக்கு வெள்ளி ரூபாய் அடிக்காமல் இருந்துவிட்டு மறுபடி அடித்தது இந்தத் தேதியில். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி. 1940லிருந்து அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இதே வகையில் 1939 என்று தேதி இருந்தால் அது மிக அபூர்வம், தேய்ந்திருந்தாலும் அசல் என்று சான்று வாங்குவதற்காகவே ஸ்லாபில் போடலாம். எங்களுடையது 38தான். கடைசி எண்ணை லூப்பில் மூன்று தரம் பார்த்துவிட்டேன்.

ஆனால் அந்தக் காசை யாரும் புளி போட்டு விளக்கித் தேய்த்ததில்லை. காகிதம் பட்ட ஓரத்தில் தேன் நிறத்தில் ஒரு வளையம் படர்ந்திருந்தது, நடுவில் சாம்பல் கலந்த வெள்ளை. பல்புக்குக் கீழே சாய்த்ததும் ஒளி ஒரு முழுச் சுற்று சுற்றியது. விபூதிக் கோடு ஒன்றுகூட இல்லை. மன்னரின் கன்னத்தில் மட்டும் இரண்டு சிறு வெட்டு, அது மூட்டையில் காசோடு காசு உரசியது. புருவத்தில் தேய்மானம் இல்லை. என் கணக்கில் 62, நல்ல நேரமாக இருந்தால் 63.

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஏலத்தில் நிஜமாக விற்று முடிந்த விலைகளை மட்டும் எடுத்தோம். யாரோ கேட்கிற விலை கணக்கில் சேராது. ஸ்லாப் இல்லாமல் இப்படியே கொடுத்தால் வருவதோடு ஒப்பிட்டு, 63 வந்தால் என்ன, 62 வந்தால் என்ன, என் கண் தப்பி 58 வந்தால் என்ன என்று மூன்று வரி. ஒவ்வொன்றிலும் தரக் கட்டணம், போக வரக் கூரியர், இன்சூரன்ஸ் கழித்தோம். 63க்குக் கொஞ்சம் லாபம், 62க்குச் சமம், 58க்கு நஷ்டம். நான் வழக்கமாக நடு வரியிலேயே லாபம் நின்றால்தான் அனுப்புவேன். அதைத் தம்பியிடமும் சொன்னேன், விற்கிற எண்ணம் இருந்தால் அனுப்பாதே என்று.

அவன் ரொம்ப நேரம் காசையே பார்த்துக்கொண்டிருந்தான். "விக்கிறதுக்கு இல்லக்கா. தாத்தா வச்ச காசு எத்தனை மார்க் வாங்குதுன்னு பாக்கணும்."

அப்படிச் சொன்னால் நான் என்ன மறுப்பு சொல்ல? நூறு வயதாக இன்னும் காலம் இருக்கிறது, சட்டச் சிக்கல் இல்லை. பத்திரத்தைத் திரும்பத் தகரப் பெட்டியில் வைத்தோம். காசை நான் கொண்டுபோயிருந்த மைலார் என்கிற பாலியஸ்டர் உறையில் போட்டேன். மெத்தென்ற பிவிசி உறையில் போட்டால் நாளாவட்டத்தில் பச்சைப் பிசுக்குப் பிடித்துவிடும், அதனால் நாணய ஆல்பம் வாங்குகிறவர்கள் பிவிசி இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள்.

கிளம்பும்போது சித்தி தயங்கித் தயங்கிக் கேட்டாள், "அப்ப இனிமே செம்புக் காசை வெளக்கக் கூடாதாம்மா?"

"நீங்க வெளக்குங்க சித்தி. அந்த 1911ஐ மட்டும் வெறும் தண்ணியில அலசி வைங்க, தேய்க்காதீங்க"ன்னேன். இருபத்துமூன்றும் செம்புக்குள் போயின, வளையத் தழும்புள்ள 1840 மேலாக. 1938 இப்போது என் கடை லாக்கரில் இருக்கிறது. தை பிறந்ததும் அனுப்புகிறேன். எண் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.