போரன் சொல்லாத உயரம்

பக்கத்து வீட்டு மாமா உப்புவெளிக் கரையில் காலமெல்லாம் வலை இழுத்தவர். என் வேலையைப் பற்றிக் கேட்டுவிட்டு, "காற்று வரும் பக்கத்தை வைத்துச் சோளகமா, வாடையா என்று நாங்கள் சொல்லிவிடுவோம். உன்னுடைய கதிருக்கு அப்படி இல்லையா பிள்ளை?" என்றார்.

இல்லை. நான் ஆராயும் அண்டக் கதிர்கள் விண்வெளியிலிருந்து வரும் மின்னேற்றமுள்ள துகள்கள். பால்வீதியின் காந்தப்புலத்தில் திரும்பித் திரும்பி, புறப்பட்ட திசையின் தடயமே இல்லாமல் வந்து சேருகின்றன. பல இலட்சம் ஆண்டுகள், கோடி ஆண்டுகள்கூட அலைகின்றன. அந்த அலைச்சலைக் கணினியில் மீட்டுப் பார்ப்பதுதான், வீட்டு முன்னறையில் இருந்தபடி வெளிநாட்டு ஆய்வுக் குழு ஒன்றுக்காக நான் செய்யும் வேலை. கால்ப்ராப் என்ற மென்பொருளை ஓட்டுகிறேன்.

எங்களுக்குப் பெரிய சாட்சி போரன் என்ற தனிமம். விண்மீன்கள் அதை உருவாக்குவது மிக அரிது. காபன் போன்ற கருக்கள் வழியிலுள்ள வாயுவில் மோதி உடையும்போது பிறக்கிறது. காபனுக்கு எவ்வளவு போரன் என்று பார்த்தால், எவ்வளவு வாயுவைக் கடந்து வந்தன என்று தெரிந்துவிடும்.

2022 மின்வெட்டுக் காலம். மின்சாரம் இருந்த இரவுகளில் ஓட்டி ஓட்டி, ஒருநாள் போரன்-காபன் விகிதத்துக்கு நான் கணித்த வளைகோடு, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து அண்டக் கதிர்களை அளக்கும் ஏ.எம்.எஸ். கருவியின் புள்ளிகள்மீது அப்படியே படிந்தது. விடியும்வரை நித்திரை வரவில்லை. குழுவிலிருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒரே வரியில் பதில் எழுதினார்: "உயரத்தையும் பரவல் கெழுவையும் இரட்டிப்பாக்கி மறுபடி ஓட்டு."

உயரம் என்பது, பால்வீதித் தட்டுக்கு மேலும் கீழும் கதிர்கள் உலவும் கூட்டின் எல்லை. பரவல் கெழு என்பது, அவை எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு. உயரத்தை 4 கிலோபார்செக், அதாவது ஏறத்தாழ 13,000 ஒளியாண்டு என்று வைத்திருந்தேன். அதை 8 ஆக்கி, கெழுவையும் இரட்டித்தேன். கிட்டத்தட்ட அதே கோடு! நெஞ்சு கனத்துப்போயிற்று. போரனுக்கு அந்த இரண்டின் விகிதம் மட்டுமே தெரியும்; கூடு எவ்வளவு பெரியது என்று தெரியாது.

அதற்குப் பெரிலியம்-10 வேண்டும். அதுவும் உடைந்த துண்டுதான், ஆனால் ஏறத்தாழ 14 இலட்சம் ஆண்டுகளில் பாதி சிதைந்துவிடும். கூடு பெரிதென்றால் நெடுங்காலம் உள்ளே கிடக்கும்; நம்மிடம் வந்து சேருவது குறையும். அதிவேகத் துகள்களில் அதைப் பிரித்து எண்ணுவது மிகக் கடினம்.

விக்டர் ஹெஸ் 1912இல் பலூனில் 5,000 மீற்றருக்கு மேல் ஏறித்தான் இந்தக் கதிர்களைக் கண்டார். பெரிலியத்தை எண்ண 2024இல் சுவீடனிலிருந்து கிளம்பிய ஹீலிக்ஸ் என்ற கருவியும் பலூனில்தான் போனது. மாமாவிடம் சொன்னேன். எந்தக் காற்றில் போனது என்று கேட்டார். கிழக்கிலிருந்து வீசிய காற்று, கனடாவில் போய் இறங்கியது என்றேன்.

"அப்படியென்றால் கொண்டல்" என்றார்.