பேமிட் காணியும் 13ஆம் திருத்தமும்

வட மாகாணத்து விசுவமடுவில் ரோட்டோரமாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, லமினேற்றிங், படிவம் நிரப்புதல், கடிதம் அடித்துக் கொடுத்தல். சட்டம் படித்தவனில்லை. ஆனாலும் 2016 தொடக்கத்தில் கொஞ்ச நாள் இலங்கையின் அரசியலமைப்பைப் பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டிருந்தேன்.

புதிய அரசியல் யாப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்க லால் விஜேநாயக்க தலைமையிலான குழு மாவட்டம் மாவட்டமாகச் சுற்றிய நேரம் அது. என்னிடம் வந்தவர்கள் முதல் பந்தியில் சமஷ்டி, அதாவது கூட்டாட்சி கேட்பார்கள், இரண்டாவது பந்தியில் காணிக்கு வந்துவிடுவார்கள். ஒரு ஐயா மட்டும் கடைசிவரை அரசியலிலேயே நின்றார். 1947இல் வவுனியா எம்.பி.யான 'அடங்காத் தமிழர்' சுந்தரலிங்கத்தில் தொடங்கி, சுதந்திர காலத்துச் சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவு 1972இல் இல்லாமல் போனது வரைக்கும் நாலு பக்கம். "29ஐத் தடிப்பா அடி தம்பி" என்றார். அடித்துக் கொடுத்தேன்.

எனக்கு மறக்காமல் நிற்பது ஒரு அக்கா. புருசனின் பேரில் குடியேற்றத் திட்டத்துக் காணி. அதற்கான அனுமதிப்பத்திரம், பேமிட், 2009 இடப்பெயர்வில் தொலைந்து போனது, அதே வருசம் புருசனும் செத்துப்போனார். அவருக்குப் பிறகு காணி யாருக்கு என்ற பின்னுரித்துப் பதியவில்லை. காணியைச் சொந்தமாக்கும் அளிப்புப் பத்திரம் எடுக்கக் கந்தோர் கந்தோராக நடந்தவர் அக்கா. அவர் சொன்னது ஒரே வரி: "கையெழுத்து வைக்கிற ஆள் எங்களுக்குக் கிட்ட இருக்கோணும் எண்டு போடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. யாப்புக்கு இப்படியும் ஒரு கோரிக்கையா? அப்புறம் ஒரு இரவு, கடை பூட்டின பிறகு, மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆம் திருத்தத்தின் காணிப் பகுதியை எடுத்து வாசித்தேன். அக்கா சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார். 1987இல் வந்த அந்தத் திருத்தத்தில் காணி மாகாணப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பின்னிணைப்பு வேறு கதை சொல்கிறது: அரச காணி குடியரசுக்கு உரியது, அதை ஒருவருக்குக் கொடுப்பது ஜனாதிபதி, மாகாண சபையின் ஆலோசனையின் பேரில். அதனால்தான் விசுவமடுவில் ஒரு துண்டுக் காணிக்குக் கொழும்பிலிருந்து கையெழுத்து வரவேண்டியிருக்கிறது. தேசிய காணி ஆணைக்குழு ஒன்றும் அமைக்க வேண்டும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இன்றைக்கு வரை அமைக்கவில்லை. எழுதினவர்களே மறந்துவிட்டார்களோ என்னவோ.

வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் நடந்தது 2013 செப்டம்பர் 21. நாங்கள் வரிசையில் நின்று போட்ட வாக்கு. விரலில் மை காயும் முன், 26ஆம் திகதி, மத்திய மாகாணத்துத் தோட்டக் காணி வழக்கொன்றில் உயர் நீதிமன்றம் அரச காணி மத்திய அரசின் கையில்தான் என்று தீர்த்துவிட்டது. அந்தச் சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்தது. பிறகு தேர்தலே இல்லை. ஜனாதிபதிக்கு ஆலோசனை சொல்ல யாரைத் தேடுவது?

2017இல் புதிய யாப்புக்கான இடைக்கால அறிக்கை வந்தபோது கடையில் ஒரே வாய்ச்சண்டை. சிங்களத்தில் 'ஏக்கிய ராஜ்ய', தமிழில் 'ஒருமித்த நாடு'. அது ஒற்றையாட்சியா இல்லையா என்று தேத்தண்ணி ஆறும்வரை இழுபட்டார்கள். அந்த வேலையும் பாதியில் நின்றுபோனது. அக்கா அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. போட்டோக் கொப்பி எடுத்து முடியும்வரை கதிரையில் இருந்தார், காசைத் தந்தார், போனார்.

போன கிழமை மறுபடி வந்தார். அதே காணி, அதே கந்தோர். கணினியில் பழைய கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

"அப்ப திகதியை மட்டும் மாத்து தம்பி."